வீட்டைக் காத்தவருக்கும் பங்குண்டு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் யாவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகுக.

 

நாம் கடை நடத்தும் பூன் லே, ஒரு வியாபாரியின் பெயரைத் தாங்கிய இடம். சூ பூன் லே என்னும் சீன வர்த்தகர் இந்த ஜூரோங் பக்கத்தில் நிலபுலம் வைத்திருந்தார். அவர் பெயர் இவ்வட்டாரத்துக்கு நிலைத்துவிட்டது. ஆனால் இன்று இவ்வழியே போய்வரும் இளைஞர்களில் பலர் பட்டாளத்துப் பிள்ளைகள். 1966ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இராணுவப் பயிற்சிக் கழகம் ஏற்பட்டது. பாசிர் லாபாவில் அதன் முகாம் அமைந்தது. 1967இல் தேசிய சேவை வந்தது. அன்று தொட்டு, பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். முகாமுக்குத் திரும்பும் நாளில் பூன் லே பஸ் நிலையத்தில் சற்று நின்று பார்த்தால், பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்பதைக் காணலாம். நிரந்தர உத்தியோகமாகப் படையில் இருப்பவர்களோ பயிற்சிக்காகத் தைவானுக்கும் புருணைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வாரக்கணக்கில் போய்விடுகிறார்கள்.

இவர்கள் நம் கடைக்கு வந்தால், "எந்த முகாம் தம்பி? சாப்பிட்டீர்களா?" என்று விசாரிக்கிறோம். நல்ல காரியம். ஆனால் வழியனுப்பிவிட்டுத் தனியே வீடு திரும்பும் தாயையும் மனைவியையும் பாட்டியாரையும் நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? அவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறோம்.

அல்லாஹ்வின் பாதையில் புறப்படுகிறவருக்கு வேண்டிய தளவாடங்களைக் கொடுத்தனுப்பியவரும் அந்தப் பணியில் கலந்துகொண்டவரே. அவர் இல்லாத காலத்தில் அவர் வீட்டாரை நல்ல முறையில் கவனித்துக்கொண்டவரும் கலந்துகொண்டவரே. இந்தக் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு இது விளங்காத விஷயமல்ல. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் சரக்கெடுக்க வெளியூர் போவார். ஒருவர் கடையில் இருந்து கல்லாவைப் பார்ப்பார். வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது, "நீர் கடையிலேதானே உட்கார்ந்திருந்தீர், உமக்கேது லாபம்?" என்று யாராவது கேட்பதுண்டா? இருவருக்கும் பங்குண்டு. வெளியிலிருந்து அந்த வீட்டைக் கவனித்துக்கொண்டவருக்கே இவ்வளவு பங்கு என்றால், உள்ளிருந்து அந்த வீட்டையே தம் தோளில் தாங்கிய மனைவிக்கு எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

அப்படித் தாங்கிய ஒரு பெருமாட்டியின் சரித்திரத்தை இங்கே சொல்கிறோம்.

இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த காஜிப்பூர் ஜில்லாவில் தாமுப்பூர் என்று ஒரு சிற்றூர். அவ்வூர்த் தையற்காரர் முஹம்மது உஸ்மான் அவர்களுக்கு 1933ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஓர் ஆண் மகவு பிறந்தது. அப்துல் ஹமீது என்று பெயரிட்டார்கள். தகப்பனாரின் தையல் வேலையில் உடனிருந்து கைகொடுத்து வளர்ந்த அந்தப் பிள்ளை, 1954 டிசம்பரில் இந்திய இராணுவத்தில் சேர்ந்தார். கிரனேடியர் படையில் நான்காம் பட்டாளம் அவருடையது. அவருடைய இல்லத்தரசியார்தாம் ரசூலன் பீவி அம்மையார்.

பட்டாளத்துக்காரர் மனைவியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சந்தர்ப்பம் போதும். 1962இல் சீனாவோடு யுத்தம் மூண்டபோது ஹமீதின் பட்டாளம் இமயமலையில் நம்கா சூ ஆற்றுப் பக்கம் நின்றது. சூழ்ந்துகொண்ட எதிரிகளிடமிருந்து தப்பி, பூட்டான் வழியாகக் கால்நடையாகவே திரும்ப வேண்டியதாயிற்று. இன்றைக்குப்போல் கையில் டெலிபோன் இல்லாத காலம். கணவர் எங்கே இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேட்டறிய வழி ஏது? அடுப்பு எரிந்தாக வேண்டும். பிள்ளைகள் உண்டாக வேண்டும். அழுகையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அன்றன்றைய வேலையைச் செய்தாக வேண்டும். பட்டாளத்துக்காரரின் வீட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் பழகித்தான் தீரவேண்டும்.

மூன்று ஆண்டு கழித்து, 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம் கரன் பகுதியில் பெரும் டாங்கி யுத்தம் நடந்தது. அப்போது ஹமீது வகித்த பதவிக்குக் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்று பெயர். நம் பாஷையில் சொல்வதென்றால், தம் பிரிவினரின் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாகக் கணக்குப் பார்க்கிறவர். அந்தக் கணக்கர், அஸல் உத்தர் கிராமத்துக்கருகே, ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு எதிரே வந்த பாட்டன் டாங்கிகள் பலவற்றை அடித்து நிறுத்தினார். செப்டம்பர் 10ஆம் தேதி, அதே பணியில் குண்டடிபட்டு உயிர் துறந்தார். ஆறே நாளில், அதாவது 16ஆம் தேதி, அவருக்குப் பரம் வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் மிக உயர்ந்த யுத்த விருது அது. 1950இல் ஏற்பட்ட நாள் முதல் 21 பேருக்குத்தான் வழங்கப்பட்டிருக்கிறது.

சகோதரர்களே, எல்லைக்கு இருபுறமும் கலிமாச் சொன்ன மக்கள் நின்ற யுத்தம் அது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. உயிர் நீத்தவர்களின் அந்தஸ்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அந்த டாங்கிகளுக்குள் இருந்தவர்களுக்கும் காத்திருந்த மனைவிமார் இருந்தார்கள். எந்தக் கொடியின் கீழ் நின்றவர் வீடானாலும், விதவையின் கண்ணீருக்கு நிறம் ஒன்றுதான். நாம் பேசுவது அந்த வீட்டைப் பற்றி.

மார்க்கத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். ஹமீது மௌத்தான செப்டம்பர் 10ஆம் தேதியிலிருந்து பிறைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி மாதம் நடுவில், ரமலானின் கடைசிப் பத்தில் அது நிறைவடைகிறது. அதற்கு ஒரு வாரம் கழித்து நோன்புப் பெருநாள். பெருநாள் கழிந்து மூன்று நான்கு நாளில், 1966 ஜனவரி 26ஆம் தேதி குடியரசு தினம். அன்றுதான் டில்லியில் ஜனாதிபதி டாக்டர் இராதாகிருஷ்ணன், கணவருக்குரிய அந்தப் பதக்கத்தை ரசூலன் பீவி அம்மையாரின் கரத்தில் கொடுத்தார். நம் திருத்தணிப் பக்கத்தில் பிறந்த பெரியவர் அவர். படைகள் அணிவகுத்து நிற்க, தேசமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, கிராமத்துப் பெண்மணியொருவர் அங்கே நின்றார். கணவர் இல்லாத முதல் பெருநாளைக் கழித்துவிட்டு அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்!

பதக்கம் வாங்கிய நாள் ஒரு நாள். அதற்குப் பின் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 54 ஆண்டுகள். கணவரின் கப்ரோ, அவர் விழுந்த அஸல் உத்தரிலேயே அமைந்தது. காஜிப்பூரிலிருந்து அங்கே போகச் சாலை வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நினைத்த மாத்திரத்தில் ஸியாரத்துக்குப் போய் வரும் தூரமல்ல. பிள்ளைகளை வளர்த்தார், பேரப்பிள்ளைகளைக் கண்டார், முதுமையும் வந்தது. 2000ஆம் ஆண்டில் கணவரின் உருவம் தபால் தலையில் வெளிவந்தது. நாட்டுக்கு அவர் தபால் தலையில் உள்ள வீரர். வீட்டுக்கு அவர், திரும்பி வராத மனிதர்.

2008ஆம் ஆண்டில் அம்மூதாட்டியார் அப்போதைய ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் அவர்களைச் சந்தித்துச் சில வேண்டுகோள்களை வைத்தார். தம் ஊரில் இராணுவத்துக்கு ஆளெடுக்கும் நிலையம் வேண்டும். கணவரின் வீடு நினைவிடமாக வேண்டும். அவர் நினைவு நாளை நாடு அனுஷ்டிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்க உதவ வேண்டும். ஊருக்கு ஒன்று, கணவருக்கு இரண்டு, பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று. தமக்கென்று ஒன்றையும் கேட்கவில்லை பாருங்கள்! அதே சமயம், இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். 43 ஆண்டுக்குப் பிறகும், மாவீரரின் மனைவி, தள்ளாத வயதில், பேரப்பிள்ளைகளின் பிழைப்புக்காக ஜனாதிபதியிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. மாலை போடுவதில் முந்திக்கொள்ளும் உலகம், வீட்டைப் பார்ப்பதில் பிந்திவிடுகிறது.

2017 செப்டம்பர் 10ஆம் தேதி, அவர் வேண்டுகோளை ஏற்று இராணுவத் தளபதி பிபின் ராவத் தாமுப்பூருக்கே வந்து நினைவு நாளில் கலந்துகொண்டார். அதற்குப்பின் இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று ரசூலன் பீவி அம்மையார் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இது ஏதோ நம் காலத்துப் புதுக்கதை அல்ல. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில் மூத்தா யுத்தம் நடந்தது. படைக்குத் தலைமை தாங்கிய ஜஃபர் (ரலி) அவர்கள் அதில் ஷஹீதானார்கள். அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் சாமானியமானவர்கள் அல்லர். கணவரோடு அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, அந்நிய மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். அன்றைய தினம் அவர்கள் மாவு பிசைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவி விட்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்து, ஜஃபரின் பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லி, அவர்களை அணைத்து முகர்ந்தார்கள். நாயகத்தின் கண்களில் நீர் பெருகியது. அதைக் கண்டதுமே அந்தத் தாய்க்கு விளங்கிவிட்டது.

பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஜஃபரின் வீட்டாருக்குச் சாப்பாடு செய்து அனுப்புங்கள், அவர்கள் துயரத்தில் மூழ்கியிருக்கிறார்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். இரண்டாவது, அந்த அநாதைப் பிள்ளைகளின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது வியாபாரிகளாகிய நம் நெஞ்சில் பதிய வேண்டியது. ஜஃபரின் மகன் அப்துல்லாஹ்வின் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் உண்டாகும்படி துஆ செய்தார்கள். பசிக்குச் சோறு, பிள்ளைக்குப் பொறுப்பாளி, நாளைய பிழைப்புக்கு வழி என்று ஒன்றையும் விட்டுவிடவில்லை. அஸ்மா நாயகியாரைப் பின்னர் அபூபக்கர் (ரலி) அவர்கள் மணந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுவோம். மறுமணம் செய்துகொண்ட விதவையும் கண்ணியத்துக்குரியவரே. பிள்ளைகளுக்காகவே வாழ்ந்துவிட்டவரும் கண்ணியத்துக்குரியவரே. அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது, ஊராருடையதன்று.

நம் சிங்கப்பூரிலும் சான்று உண்டு. பாசிர் பாஞ்சாங்கில் புக்கிட் சண்டு என்ற குன்றில், 1942 பிப்ரவரி 14ஆம் தேதி, மலாய்ப் படையின் லெப்டினன்ட் அத்னான் பின் சைதி ஜப்பானியருக்கு எதிராகக் கடைசிவரை நின்று உயிர் கொடுத்தார். அந்தக் குன்றில் 2002இல் நினைவு நிலையம் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அத்னானின் பெயர் தெரியும். ஆசிரியையாக இருந்த அவருடைய மனைவி சோபியா அம்மையாரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜப்பானியர் காலத்துப் பஞ்சத்தைப் பிள்ளைகளோடு கடந்த அவரும் 1949இல் மறைந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் சூழ முதுமை காணும் பாக்கியம் எல்லா வீரர் மனைவிக்கும் வாய்ப்பதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பட்டாளத்துக்குப் போனவர்கள் நம் முன்னோரில் அதிகம் பேர் இல்லை. ஆனால் சபுருக்குப் போனவர்கள் உண்டு. கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டணம், முத்துப்பேட்டை, தோப்புத்துறை என்று ஊர் ஊராகக் கப்பலேறினார்கள். சபுராளி மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார், சில மாதம் தங்குவார், மறுபடி கப்பல். வரும்போது வயிற்றிலிருந்த பிள்ளை, அடுத்த தடவை வாசலில் நின்று, "இவர் யார் உம்மா?" என்று கேட்கும். அவர் சபுரில் இருந்தார். வீட்டில் இருந்த நம் உம்மம்மாவும் வாப்பும்மாவும் ஸபுரில் இருந்தார்கள். ஒன்று பிரயாணம், மற்றது பொறுமை. இரண்டுமாகச் சேர்ந்து கட்டியவைதாம் நம் வீடுகளும் கடைகளும். கடைப் பலகையில் பெயர் பாட்டனாருடையது. பாட்டியாரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஆகையால் ரசூலன் பீவியின் சரித்திரம் நமக்கு அந்நியமானதல்ல.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவின் தெருக்களில் நகர்சோதனை வந்தபோது, ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண்ணொருத்தி பிரிவாற்றாமல் புலம்புவது காதில் விழுந்தது. கணவர் படையில் வெகுதூரம் போயிருந்தார். உமர் (ரலி) அவர்கள் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், கணவரைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். கிடைத்த பதில் நான்கு மாதம் என்று ஓர் அறிவிப்பிலும், ஆறு மாதம் என்று இன்னோர் அறிவிப்பிலும் வருகிறது. அதற்கு மேல் எந்தப் படைவீரரையும் குடும்பத்தைவிட்டு நிறுத்திவைக்கக் கூடாதென்று உடனே உத்தரவு பிறந்தது. ஒரு பெண்ணின் முணுமுணுப்பு, ஒரு சாம்ராஜ்யத்தின் இராணுவச் சட்டத்தையே திருத்திவிட்டது.

சகோதரர்களே, இந்த உத்தரவு படைத்தளபதிகளுக்கு மட்டுமா? நம் கடையிலும் ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊரில் மனைவிமார் இருக்கிறார்கள். "பெருநாள் வியாபாரம் முடியட்டும், தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்று லீவைத் தள்ளிக்கொண்டே போகும் முதலாளிமார், அந்த இரவில் உமர் (ரலி) அவர்கள் கேட்ட குரலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சம்பளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கலாகாது. லீவும் ஓர் அமானிதம்தான்.

நாம் செய்யக்கூடியவை வேறு சிலவும் உண்டு.

நம் தெருவில், நம் மாடியில், புருஷன் பட்டாளத்திலோ கப்பலிலோ வெளியூர் வேலையிலோ இருக்கும் வீடு எது என்று தெரிந்துவைத்திருங்கள். வீட்டுப் பெண்களை அனுப்பி, மாதம் ஒருமுறையாவது விசாரிக்கச் சொல்லுங்கள். நோயாளி இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாகனம் அனுப்புங்கள்.

மௌத்து நடந்த வீட்டுக்குச் சோறு நம் வீட்டிலிருந்து போகட்டும். துக்க வீட்டார் தேக்சா வைத்து நமக்குப் பரிமாற வேண்டுமென்று எதிர்பார்ப்பது, ஜஃபர் (ரலி) அவர்களின் வீட்டார் விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழிக்கு நேர்மாறானது. விதவையின் வீட்டில் மிஞ்சியிருக்கும் நாலு காசையும் விருந்தாகத் தின்றுவிட்டு வருவதில் என்ன நன்மை இருக்கிறது?

அத்தகைய வீட்டுக்காரி கடன் சொல்லிச் சாமான் வாங்க வந்தால், நாலு பேர் முன்னிலையில் பற்றுப் புஸ்தகத்தை விரித்துப் பழைய பாக்கியை உரக்கப் படிக்காதீர்கள். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுப்பது இன்னும் மேலென்றும் திருமறை போதிக்கிறது. பற்றுக்கணக்கில் தள்ளுபடி செய்த தொகை, மறுமையின் வரவுக்கணக்கில் ஏறும் என்ற ஈமான் நமக்கு வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒருநாள் உடுப்பு எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பள்ளிக்கூடச் செலவைப் பாருங்கள். படிப்பு முடிந்த பிள்ளையைக் கடையில் உட்காரவைத்துத் தொழில் கற்றுக்கொடுங்கள். பேரப்பிள்ளையின் உத்தியோகத்துக்காக ஒரு பாட்டியார் இன்னொருவர் வாசலில் போய் நிற்காதபடி செய்வது நம் ஜமாஅத்தின் கடமை.

கடைசியாக, உங்கள் வீட்டில் மூதாட்டியார் இருந்தால், இன்றைக்கே அருகில் உட்காருங்கள். "அத்தா சபுரில் இருந்தபோது எங்களை எப்படி வளர்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதிவையுங்கள். தளபதி தாமுப்பூருக்கு வந்ததைக் கண்ணால் காண ரசூலன் பீவி அம்மையாருக்கு அல்லாஹ் ஆயுள் கொடுத்திருந்தான். எல்லாருக்கும் அவ்வளவு தவணை கிடைக்குமென்று யார் சொல்ல முடியும்? ஜனாஸா தொழுகையில் நாம் நிற்கும்போது அவர்கள் நம் பேச்சுக்குப் பதில் சொல்லமாட்டார்கள்.

யா அல்லாஹ்! கணவர் தூரத்திலிருக்க வீட்டைக் காத்த பெண்மணிகள் யாவருக்கும் நிறைந்த கூலியைத் தருவாயாக! ரசூலன் பீவி அம்மையாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளியுள்ளதாக ஆக்குவாயாக! எங்களை ஈன்றெடுத்து, எங்களுக்காகக் காத்திருந்தே நரைத்த எங்கள் தாய்மார், பாட்டிமார் மீது அருள் புரிவாயாக! இன்று பூன் லே வழியாக முகாமுக்குச் செல்லும் எல்லாப் பிள்ளைகளையும், எந்த மதத்தவராயினும், சுகமாக வீடு திரும்பச் செய்வாயாக! அவர்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர்களின் மனத்துக்கு நிம்மதியைக் கொடுப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.